அறிவுரையால் நிறையாத தட்டு

அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடையே நீரிழிவு, வெள்ளையரைவிட அதிகம். இதற்கு அவர்களது உணவுப் பழக்கத்தைக் குறைகூறுவது எளிது. விலையையும் கிடைக்கும் தன்மையையும் ஆராய்வதே முறை.

தாய்-சேய் ஊட்டச்சத்துத் திட்டமான ‘விக்’ 2009-இல் சீரமைக்கப்பட்டது. பழச்சாற்றின் அளவு குறைந்தது. காய்கறி, பழங்களுடன் அம்மக்களின் மரபுணவான மக்காச்சோள ரொட்டியும் இடம்பெற்றது. திட்டத்தில் இணைந்த கடைகள் இவற்றை இருப்பு வைக்க நேர்ந்தது. பயனாளிகளில் 2 முதல் 4 வயதுக் குழந்தைகளின் உடல்பருமன் 2010-இல் 15.9 சதவீதம், 2014-இல் 14.5. இச்சரிவுக்கு இத்திட்டம் மட்டுமே காரணம் எனக் கூறிவிட முடியாது. எனினும், திசை நம்பிக்கையளித்தது.

2019-இல் அரசு உதவி பெறுவோருக்கான குடியேற்ற விதி கடுமையாக்கப்பட்டது. ‘விக்’ அதில் சேர்க்கப்படவில்லை; ஆயினும், அச்சத்தால் குடும்பங்கள் பல விலகி நின்றன. உதவி வாங்கவே அஞ்சும் தாயிடம் சத்துணவின் சிறப்பைப் பேசிப் பயனில்லை.