சேபனா, ஸ்வின்னியா? என் ஓட்டு யாருக்கு?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நாம உதைக்கிற கால்பந்து இல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடுற ஆட்டம்) தீராத சண்டை ஒன்று உண்டு: அலபாமாவின் நிக் சேபன் பெரிய கோச்சா, கிளெம்சனின் டேபோ ஸ்வின்னியா?

நேருக்கு நேர் கணக்கு சமம்தான். 2016 ஜனவரியிலிருந்து 2019 ஜனவரிக்குள் நாலு மோதல், ஆளுக்கு ரெண்டு வெற்றி. கடைசி மோதலில் கிளெம்சன் 44-16 என்று நொறுக்கியது. ஸ்வின்னியின் பலம், ஆட்களைக் கூடவே வச்சு வளர்ப்பது. அவருடைய தற்காப்புப் பயிற்சியாளர் பிரென்ட் வெனபிள்ஸ் 10 சீசன் அவரிடமே இருந்தார்.

ஆனாலும் என் ஓட்டு சேபனுக்கு. ஏழு தேசியப் பட்டங்களுக்காக இல்ல. தற்காப்புக்குப் பேர்போன அவர், வேக ஆட்டம் பரவியபோது முதலில் முணுமுணுத்தார். பிறகு 2014-ல், 62 வயசில், லேன் கிஃபினைக் கூட்டிவந்து தாக்குதல் பாணியையே மாற்றினார்.

ஸ்வின்னி? கல்லூரி மாறும் வீரர்கள் உடனே ஆடலாம் என்று 2021-ல் விதி தளர்ந்தது. மற்றவர்கள் ஆளை அள்ளினார்கள். இவர் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றார். தான் வளர்த்த பசங்க மேல வச்ச நம்பிக்கை அது. மதிக்கிறேன். ஆனா அந்த 44-16-க்குப் பிறகு தேசியக் கோப்பை அவர் பக்கம் வரவே இல்ல.