ஐந்து நிமிடத்தில் செயலி, அப்பாவின் பெயரில் மகள்

ஜாவா படிக்கிற நண்பர்களோடு கதைத்தால் இப்ப ஒரு பெருமைதான் முதலில வரும். "கோட் எழுதுற காலம் போச்சு. தரவுத்தளத்தைக் காட்டினால் காணும், மிச்சத்தை டூல் எழுதித் தரும்." பொய் இல்லை. நெட்பீன்ஸ், ஹைபர்நேட் டூல்ஸ், ஜூக் மாதிரியான கருவிகள் தரவுத்தளத்தில் இருக்கிற அட்டவணைகளை வாசித்து அவற்றுக்குரிய ஜாவா வகுப்புகளை உண்டாக்கித் தரும். 2013 இல் வந்த ஜேஹிப்ஸ்டர் இன்னும் ஒரு படி மேலே. மாணவர் எண்டால் இன்ன இன்ன புலங்கள் எண்டு நாலு வரி எழுதிக் கொடுத்தால் அட்டவணை, ஜாவா வகுப்பு, திரையில் நிரப்புற படிவம் எல்லாத்தையும் சேர்த்துத் தந்துவிடும்.

இந்தக் கருவிகளில எனக்குக் கோபம் இல்லை. 30 புலங்கள் உள்ள ஒரு அட்டவணைக்கு கெட்டர், செட்டர் எண்டு 60 துண்டுகளைக் கையால தட்டுறதால ஒருத்தருக்கும் அறிவு வளராது. என்னுடைய சண்டை வேறு. வேகமா முடிச்சோம் எண்டு கொண்டாடுறவர்கள், மிச்சம் பிடித்த நேரத்தில என்ன செய்தார்கள்? அட்டவணை சரியா எண்டு யாரிடமாவது கேட்டார்களா?

ஏனெண்டால் கருவி யோசிக்காது. அட்டவணையில் இருக்கிறதை அப்படியே படி எடுக்கும். அட்டவணை பிழை எண்டால் அந்தப் பிழை வகுப்புக்கும் படிவத்துக்கும் அறிக்கைக்கும் ஒரே நிமிடத்தில் போய்ச் சேரும்.

பெயரையே எடுப்போம். தரவுத்தளம் பழகுற பலரும் தொடுகிற ஒரு மாதிரித் தரவுத்தளம் ஒரக்கிளின் எச்ஆர். அதில ஊழியர் அட்டவணையில் ஃபெர்ஸ்ட் நேம் 20, லாஸ்ட் நேம் 25 எண்டு அகலம். லாஸ்ட் நேம் கட்டாயம். ஸ்பிரிங் பழகுறவர்கள் பார்க்கிற பெட்கிளினிக் செயலியில இரண்டுமே கட்டாயம். ஜேஹிப்ஸ்டர் தானாகவே செய்து தருகிற பயனர் வகுப்பிலும் இதே இரண்டு புலங்கள்தான். படிக்கிறவர் அதைப் பார்த்துத்தான் தன் அட்டவணையையும் கீறுகிறார்.

இப்ப எங்கட பெயரை அதில போட்டுப் பாருங்கோ. கந்தையா மாலதி எண்டு ஒருத்தி. கந்தையா அவளின் அப்பா. முன்னுக்கு இருக்கிறதால அவர் ஃபெர்ஸ்ட் நேம் ஆகிறார். அவளுக்கு வருகிற ஒவ்வொரு மின்னஞ்சலும் "அன்புள்ள கந்தையா" எண்டு தொடங்கும். மாற்றிப் போட்டால் மாலதி கந்தையா. பிறப்புச் சான்றிதழில் ஒரு ஒழுங்கு, செயலியில இன்னொரு ஒழுங்கு. முஸ்லிம் தோழியின் பெயரில் வாப்பாவின் பெயரும் பாத்திமாவும் முன்னுக்கு வந்து, கூப்பிடுகிற பெயர் கடைசியில் நிற்கும். சிங்கள நண்பரின் நீண்ட "கே" பெயர் குடும்பப் பெயர், ஆனால் அது முன்னுக்கு வரும். இந்த நாட்டில் கனபேரின் பெயர் அந்த இரண்டு பெட்டிக்குள் ஒழுங்கா இருக்காது.

எங்கட பழைய காகிதப் படிவத்துக்கு இது தெரிஞ்சிருந்தது எண்டதுதான் வேடிக்கை. "முழுப் பெயர்", "முதலெழுத்துகளுடன் பெயர்" எண்டு அது கேட்கும். எந்தத் துண்டு யாருடையது எண்டு கேட்காது.

அடுத்தது எழுத்து. சிவசுப்பிரமணியம் எண்ட பெயர் ஆங்கிலத்தில் 15 எழுத்து, 15 பைட். 25 அகலப் பெட்டியில வசதியா இருக்கும். தமிழில் அதுக்கு 16 யூனிகோட் குறிகள் வேணும். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 48 பைட். ஒரக்கிள் வழமையில் அகலத்தைப் பைட்டில் எண்ணும். ஜாவா குறிகளை எண்ணும். ஆகவே 25 எண்டு அட்டவணையில் இருந்து படி எடுத்த ஜாவா வகுப்பு "16 தானே, சரி" எண்டு விடும். தரவுத்தளம் "இடமில்லை" எண்டு திருப்பி அனுப்பும். கருவி ஒரு பிழையும் விடவில்லை. 25 எண்டதைப் பார்த்தது, 25 எண்டு எழுதியது.

"அப்ப ஆங்கிலத்தில போடுங்கோவன்" எண்டு சொல்லுவினம். 1987 இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி எண்டு சொன்னது. ஒரு பெட்டியின் அகலம் அதை இல்லாமல் ஆக்கலாமோ? அதோட, ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமா எழுதலாம். வங்கியில் ஒண்டு, சான்றிதழில் ஒண்டு எண்டு வந்தால், இரண்டும் ஒரே ஆள் எண்டு சத்தியக்கடதாசி முடிக்க அலையிறது யார்? செயலி செய்தவரோ? இல்லை. அவர் ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்தார், அதுக்கு மாலதி ஒரு நாள் கூலியைக் கொடுக்கிறாள்.

"பிறகு மாத்தலாம்" எண்டது அடுத்த சமாதானம். கோட்டை மாத்தலாம், திரும்ப ஒருக்கா உண்டாக்கினால் சரி. ஆனால் உள்ளே போன தரவை எந்தக் கருவியும் திரும்ப உண்டாக்காது. பத்தாயிரம் பேர் தங்கட பெயரைப் பத்து விதமாப் பிரித்துப் போட்ட பிறகு, எது அப்பா எது மகள் எண்டு யார் சொல்லுறது? தேசிய அடையாள அட்டை இலக்கத்தை நினையுங்கோ. 9 இலக்கமும் ஒரு எழுத்துமா இருந்தது 2016 இல் 12 இலக்கம் ஆனது. அகலம் 10 எண்டு இறுக்கிப் பூட்டின எந்த அட்டவணைக்குள்ளும் புது இலக்கம் போகாது.

இதில கலைப்பீடத்து ஆட்களுக்கும் பங்கு உண்டு. "ஐ.ரி. எங்கட விஷயம் இல்லை" எண்டு ஒதுங்கி நிற்கிறோம். பெயரிடல், உறவுமுறை, மொழி உரிமை எல்லாத்தையும் வகுப்பில் படிக்கிறோம், சோதனைக்கு எழுதுகிறோம். அதே விஷயங்களை ஒருவர் இரண்டு பெட்டிக்குள் அடைக்கிற நேரம் அந்த அறையில எங்களில ஒருத்தரும் இல்லை. கூப்பிடவில்லை எண்டது உண்மை. நாங்கள் கதவைத் தட்டவில்லை எண்டதும் உண்மை.

கேட்கிறது பெரிய விஷயமும் இல்லை. உண்டாக்கு எண்ட பொத்தானை அமத்த முதல் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கோ. முழுப் பெயருக்கு ஒரு புலம், பிரிக்க வேண்டாம். முதலெழுத்துகளுடன் பெயருக்கு ஒண்டு. எப்படிக் கூப்பிட வேணும் எண்டு அவரிடமே கேட்டு அதுக்கு ஒண்டு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வைக்க இடம். அகலத்தைப் பைட்டில் இல்லாமல் எழுத்தில் குறியுங்கோ. சோதனைக்கு ஜோன் ஸ்மித்தைப் போடாமல் உங்கட அம்மம்மாவின் முழுப் பெயரைத் தமிழில் போடுங்கோ. அது உள்ளே போய், அப்படியே திரும்பி வந்தால் பொத்தானை அமத்துங்கோ. அட்டவணை சரியா இருந்தால் அதே கருவி அந்தச் சரியையும் அதே வேகத்தில் எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.