கடல் நீருக்கு 'ஷவர்' பாத்: கப்பலில் கார்பன் டை ஆக்சைடை அளப்பது எப்படி? எதற்காக?

அமெரிக்காவின் ஓரேகான் மாகாணத்தில், நெட்டார்ட்ஸ் விரிகுடா ஓரமாக இருக்கிறது விஸ்கி கிரீக் ஹேச்சரி. மேற்குக் கடற்கரையின் சிப்பிப் பண்ணைகளுக்குக் குஞ்சு சப்ளை செய்யும் முக்கியமான இடம் இது. 2007, 2008-ம் ஆண்டுகளில் இங்கே தொட்டிகளில் இருந்த சிப்பி லார்வாக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. முதலில் பாக்டீரியா மீதுதான் சந்தேகம். அதைக் கட்டுப்படுத்தியும் சாவு நிற்கவில்லை. அப்போ உண்மையான காரணம் என்ன?

கப்பல் கண்டுபிடித்தது என்ன?

2007 மே, ஜூன் மாதங்களில் 'வெகோமா' என்ற ஆய்வுக் கப்பல் கனடாவிலிருந்து மெக்சிகோ வரை கடற்கரையை ஒட்டிச் சென்றது. ரிச்சர்ட் ஃபீலி தலைமையிலான விஞ்ஞானிகள் பல ஆழங்களில் நீர் மாதிரி எடுத்தனர். கார்பன் டை ஆக்சைடு அதிகமாகி, சிப்பி ஓட்டையே அரிக்கும் தன்மை கொண்ட நீர் கரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வடக்கு கலிஃபோர்னியா அருகே அது மேற்பரப்பு வரைக்கும் வந்திருந்தது.

இது எப்படி நடக்குது?

வசந்த காலத்திலும் கோடையிலும் வடக்கிலிருந்து வீசும் காற்று, மேல்மட்ட நீரைக் கரையை விட்டுத் தள்ளிவிடும். அந்த இடத்துக்கு ஆழத்தில் இருக்கும் குளிர்ந்த நீர் மேலே வரும். ஆழத்தில் உயிரினங்கள் மக்குவதால் அந்த நீரில் இயற்கையாகவே கார்பன் டை ஆக்சைடு அதிகம். அதோடு மனிதர்கள் வெளியிட்டதும் சேர்ந்துகொள்கிறது. இதனால் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறையும். பிறந்த முதல் இரண்டு நாளில் ஓடு கட்டும் லார்வாவுக்கு இது பெரிய அடி.

ஓடும் கப்பலில் அளப்பது எப்படி?

மாதிரி எடுக்கக் கப்பலை நிறுத்த வேண்டும். மேற்பரப்பு நீரை மட்டும் அளக்க அது தேவையில்லை. கப்பலின் அடிப்பகுதியில் உள்ள குழாய் வழியே கடல் நீர் ஆய்வறைக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரு மூடிய கலனுக்குள் அது ஷவர் போலத் தெளிக்கப்படும். நீரில் உள்ள வாயுவும் கலனுக்குள் உள்ள காற்றும் சமநிலைக்கு வரும். அந்தக் காற்றை அகச்சிவப்புக் கதிர் கருவி அளக்கும். சிம்பிளா சொன்னா, நீரை நேரடியாக அளக்காமல் அதோடு ஒத்துப்போன காற்றை அளக்கிறார்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஓர் அளவு பதிவாகும்.

இதில் வெப்பநிலைதான் சிக்கல். நீர் ஒரு டிகிரி சூடானாலே கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் சுமார் 4% கூடும். அதாவது 400 மைக்ரோ அட்மாஸ்பியர் என்பது 416 ஆகிவிடும். தரமான அளவீட்டில் 2-க்கு மேல் பிழை இருக்கக் கூடாது. அதனால் நீர் உள்ளே நுழையும் இடத்திலேயே வெப்பநிலையைக் குறித்து, கணக்கில் திருத்துகிறார்கள். அளவு தெரிந்த வாயு சிலிண்டர்களை வைத்துக் கருவியையும் அடிக்கடி சரிபார்ப்பார்கள்.

கரையோரத்தை ஏன் தனியா அளக்கணும்?

மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. ஆனால் கரையோரத்தில் இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். ஆழ்நீர் மேலே வரும் இடத்தில் கடலே வாயுவை வெளியே விடும். பாசி பெருகும் இடத்தில் உள்ளே இழுக்கும். ஆற்று நீர் கலந்தால் மறுபடி மாறும். நடுக்கடல் அளவை வைத்துக் கரையைக் கணிக்க முடியாது.

ஹேச்சரி என்ன ஆனது?

உள்ளே வரும் நீரின் கார்பன் டை ஆக்சைடைத் தொடர்ந்து அளக்கும் கருவியை அங்கே பொருத்தினார்கள். பகலில் தாவரங்கள் அந்த வாயுவை எடுத்துக்கொள்வதால், மாலை நேர நீர்தான் பாதுகாப்பானது என்று தெரிந்தது. நீர் எடுக்கும் நேரத்தை மாற்றினார்கள். சோடா உப்பு, அதாவது சோடியம் கார்பனேட், சேர்த்து நீரைச் சரிசெய்தார்கள். உற்பத்தி மீண்டது.

இனி என்ன?

2007-ல் மேலே வந்த நீர், கடைசியாகக் காற்றைத் தொட்டது சுமார் 50 ஆண்டுகளுக்கு முன்பு. அதன் பிறகு காற்றில் கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறிவிட்டது. இன்றைய காற்றைத் தொட்டு ஆழத்துக்குப் போகும் நீரும் ஒரு நாள் கரைக்கு வரும். ஆனால் உலக அளவில் கப்பல்கள் தரும் இத்தகைய அளவீடுகள் 2017-க்குப் பிறகு குறைந்திருக்கின்றன. கருவி இல்லாத இடத்தில், லார்வா செத்த பிறகுதான் விஷயமே தெரியும்.