ஊர் இரண்டுபட்டால் எமக்குக் கொண்டாட்டமா?

கிழக்குச் சீனக் கடலில் பதற்றம் ஏறும்போதெல்லாம் எமது பத்திரிகைகளின் 'இராசதந்திர வட்டாரங்கள்' சுறுசுறுப்படைந்து விடுகின்றன. 2025 நவம்பரில் யப்பானியப் பிரதமர் தகாயிச்சி தாய்வான் குறித்து வெளியிட்ட கருத்து பீஜிங்கைச் சினங்கொள்ளச் செய்தது. ஒகினாவாவுக்கு அருகே சீனப் போர் விமானங்கள் தமது விமானங்கள்மீது ராடரைக் குறிவைத்ததாக டிசெம்பரில் டோக்கியோ குற்றஞ்சாட்டியது. இவை பாரதூரமான செய்திகள், எழுதப்படவேண்டியவை. ஆனால், இத்தகைய செய்திகளின் வாலில், 'வல்லரசுப் போட்டி முற்றினால் ஈழத்தமிழருக்கு விடிவு பிறக்கும்' என்றொரு ஆரூடத்தைக் கட்டிவிடுகிறார்களே, அதற்கு என்ன ஆதாரம்?

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்ற கணக்கு இது. வன்னி மண்ணில் அந்தக் கணக்கு ஏற்கெனவே பொய்த்துவிட்டது.

சென்காகு தீவுகள் தொடர்பான பிணக்கு 2009 இல் புதியதன்று. 2008 டிசெம்பரிலேயே சீன அரசின் கப்பல்கள் அத்தீவுகளின் கடற்பரப்பினுள் நுழைந்திருந்தன. ஆயினும், அடுத்த சில மாதங்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது அந்தப் பகை எவருக்கு உதவிற்று? பாதுகாப்புச் சபையின் அதிகாரபூர்வ நிகழ்ச்சிநிரலில் இலங்கை இடம்பெறுவதைச் சீனா எதிர்த்தது. அவ்வேளை அச்சபையில் அங்கம் வகித்த யப்பானும் அதற்கு இணங்கவில்லை. மனித உரிமை அமைப்புகள் 2009 மே மாதத்தில் பிரதமர் தாரோ அசோவுக்குக் கடிதம் எழுதியே மன்றாட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் 2003 இல் டோக்கியோவில் உதவி வழங்குவோர் மாநாட்டைக் கூட்டிய நாடு யப்பான். அதன் சிறப்புத் தூதர் யசூசி அகாசி கிளிநொச்சிப் பாதையை நன்கறிந்தவர். 2009 மே 27 அன்று மனித உரிமைகள் பேரவையில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தைச் சீனா ஆதரித்தது. யப்பான் வாக்களிப்பில் கலந்துகொள்ளாது ஒதுங்கி நின்றது.

கடலில் முட்டிக்கொண்டவர்கள் கொழும்பு விடயத்தில் முட்டிக்கொள்ளவில்லை. காரணம் எளிது: இருவருக்கும் வேண்டியது கொழும்பின் நட்பு. போட்டி கூடக்கூட அந்த நட்பின் விலைதான் ஏறும். முல்லைத்தீவின் கண்ணீருக்கு விலை ஏறாது.

போருக்குப் பின் வன்னியில் கண்ணிவெடி அகற்ற யப்பான் வழங்கிய நிதி பெரிது. அதனை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் மனிதாபிமான உதவி வேறு, அரசியல் நிலைப்பாடு வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்வதே செய்தியாளனின் கடன்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். பிள்ளைகளைத் தேடியே கண்மூடிய தாய்மார் பலர். வடக்கே வரும் ஒவ்வொரு தூதுவரிடமும், 'இவர்கள் விடயத்தில் உங்கள் நாடு ஜெனிவாவில் எப்படி வாக்களித்தது, ஏன்?' என்று கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே அச்சிடுங்கள். அதுவே இராசதந்திரச் செய்தி. மற்றது சோதிடம்.