வேலியோரத்துச் செடிகள்



"பிள்ளையளைக் காட்டுப் பக்கம் விட ஏலாது, தங்கச்சி" என்று வன்னித் தாய்மார் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. போர் 2009இல் ஓய்ந்த பின்னும் மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடக்கிறது. சிவப்புப் பலகை நட்ட இடத்துக்குப் பாலைப்பழம் பொறுக்கவும் போகக் கூடாது. ஆனால் மண் என்றாலே வெடிதான் என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிடுமே, அதுதான் என் கவலை.

அதனால் எங்கள் சிறுவர் குழுவை வீட்டு வளவோடு நிறுத்திக்கொண்டோம். யாரும் நடாமல் தானாக முளைத்த செடிகளைத் தேடச் சொன்னேன். குப்பைமேனி, நாயுருவி, வேலியில் முசுட்டை, முடக்கொத்தான். முடக்கொத்தான் காயை உடைத்தால் கறுப்பு விதையில் வெள்ளையாக ஓர் இதயம் தெரியும். அதைக் கண்ட சிறுமி ஒருத்தி விதைகளை நெருப்புப்பெட்டிக்குள் சேர்க்கத் தொடங்கிவிட்டாள். பெயர் தெரியாதவற்றுக்கு அம்மம்மாமாரிடம் ஓடினார்கள். (என் பட்டப்படிப்பில் இதெல்லாம் இல்லை!) முகாமிலிருந்து திரும்பியபின் அதிகம் பேசாதிருந்த ஓர் அம்மம்மா, முசுட்டை இலையைச் சிறிதாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு வறை வைக்கும் விதத்தைச் சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் எழும்பவில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெரியவர் காட்டாத எதையும் வாயில் வைக்கக் கூடாது. கார்த்திகைப்பூக் கிழங்கு, குன்றிமணி, மஞ்சள் அலரி விதை எல்லாம் உயிருக்கே ஆபத்தானவை. இரும்புத் துண்டு கண்டால் தொடாமல் வந்து சொல்லட்டும்.

மாரி மழை விழுந்ததும் வேலியோரம் பச்சை பிடிக்கும். பழைய கொப்பி ஒன்றில் இலையை ஒட்டி, பக்கத்தில் பெயரைப் பிள்ளையே எழுதட்டும்.