விலை கூடின ஆயில் போட்டா வண்டி பறக்குமா?

மெஸ் பில்லைத் தள்ளிப்போட்டுவிட்டு 100 சிசி வண்டிக்கு ஃபுல்லி சிந்தெடிக் ஆயில் ஊற்றுகிற ஆட்கள் நம்ம ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது வேண்டாத செலவு.

டப்பாவில் 5டபிள்யூ, 10டபிள்யூ, 20டபிள்யூ என்று போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூ 'வின்டர்'. எண் குறையக் குறைய கடுங்குளிரிலும் ஆயில் கெட்டியாகாமல் ஓடும். லடாக்கில் சரி. வேலூர் வெயிலில் எந்தக் குளிருக்குக் காசு கொடுக்கிறோம்? சிந்தெடிக் சூட்டையும் நன்றாகத் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் தெரிவது விரட்டி ஓட்டும் பெரிய என்ஜின்களில். டீக்கடை வரை போய்வரும் வண்டியில் அல்ல.

'சிந்தெடிக்' என்ற பெயரே தனிக்கதை. பெட்ரோலிய எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுத்ததையும் அப்படி விளம்பரம் செய்யலாம் என்று 1999-ல் அமெரிக்காவில் மொபில் - காஸ்ட்ரால் சண்டையில் தீர்ப்பாகிவிட்டது!

நீங்கள் பார்க்க வேண்டியது மேனுவலில் சொன்ன கிரேடும், 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' முத்திரையும்தான். கியர் வண்டியில் கிளட்சும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது. உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்த கார் ஆயிலை, எவ்வளவு விலையானாலும், ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். மேனுவலே சிந்தெடிக் கேட்டால் தாராளமாகப் போடுங்கள்.

மற்றவர்கள் டிப்ஸ்டிக்கை அடிக்கடி பாருங்கள். 100 சிசி வண்டியில் மொத்த ஆயிலே சுமார் ஒரு லிட்டர்தான். 200 மில்லி குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு காலி.