தூரத்து மேசையும் நம் வீட்டுத் திரையும்

சென்ற ஞாயிறன்று திகனவிலுள்ள என் தமையனார் இல்லத்திற்குப் போயிருந்தேன். கணக்கியல் பயிலும் அவருடைய மகள், முகம் வாடி மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தாள்.

"கொழும்பில் நான் பயிற்சி பெறும் அலுவலகத்தின் கணினியை இங்கிருந்தே இயக்குகிறேன், சித்தப்பா. பேரேட்டின் வலப்பக்கம் திரைக்கு வெளியே மறைந்து விடுகிறது. நேற்று ஒரு தொகையை வேறொரு நிரலில் பதித்து விட்டேன். பெரிய திரை வாங்கினால்தான் முடியுமோ?" என்றாள். அருகில் நின்ற அவள் தாயாரோ, தம் காதணியை அடகு வைக்கலாமா என்ற யோசனையில் இருந்தார்!

வாசக அன்பர்களே, இது பலர் வீட்டிலும் நேர்வதே. 'ரிமோட் டெஸ்க்டாப்' என்னும் இவ்வசதியை மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998ஆம் ஆண்டில், விண்டோஸ் என்.டி. 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்புடன் அளித்தது. வேலை முழுவதும் தூரத்துக் கணினியில் நடைபெறும். நம்மிடம் வருவது அதன் படம் மட்டுமே. அலுவலகத்தார் கொடுத்த இணைப்புக் கோப்பில் அப்படத்தின் அளவு 1920க்கு 1080 புள்ளிகள் என்றிருந்தது. பிள்ளையின் திரையோ 1366க்கு 768. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள், பத்தரை இலட்சம் புள்ளிகளுள்ள இடத்தில் எங்ஙனம் அடங்கும்?

இதற்கு வழிகள் இரண்டு. சாளரத்தின் இடப்பக்க மேல்மூலையிலுள்ள சிறு சின்னத்தைச் சொடுக்கி, 'ஸ்மார்ட் சைசிங்' என்பதைத் தேர்ந்தால் படம் முழுவதும் சுருங்கி அடங்கிவிடும். ஆயினும் எழுத்துகள் பத்தில் ஏழு பங்காய்க் குறுகும். விக்டோரியா நீர்த்தேக்கம் முழுவதையும் ஒரே புகைப்படத்தில் அடக்கினால், தோணியில் இருப்பவர் முகம் தெரியுமா? ஒருமுறை முழுவதையும் நோக்க இது போதும். நாள் முழுதும் படிக்கக் கண் தாங்காது.

மற்றது, இணையுமுன்பே அளவைக் குறித்தல். இணைப்புச் செயலியில் 'ஷோ ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து, 'டிஸ்பிளே' பகுதியிலுள்ள நகர்த்தியை வலக்கோடி வரை தள்ளுக. அது முழுத்திரை அளவு. அப்போது தூரத்துக் கணினியே நம் திரைக்கேற்ப மேசையை விரிக்கும், எழுத்து தெளிவாயிருக்கும். 'ஜெனரல்' பகுதியில் 'சேவ்' செய்துவிட்டால், நாள்தோறும் மாற்ற வேண்டியதில்லை. முழுத்திரையிலிருந்து சாளரத்துக்கு மீள, கண்ட்ரோல், ஆல்ட், பிரேக் விசைகளை ஒருங்கே அழுத்துக. இம்முறையில் மேசை சிறிதாதலால், அகன்ற பேரேட்டுக்கு அதன் செயலியிலேயே பார்வையளவைச் சற்றுக் குறைத்துக் கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் வழியையே பிள்ளை கைக்கொண்டாள். சில நிமிடங்களில் நிரல்கள் யாவும் கண்முன் வந்தன. முதல் வேலையாக, நேற்றுப் பிழையாய்ப் பதித்த தொகையைத் திருத்தினாள். அண்ணியார் காதணியைத் தொட்டுப் பார்த்துக் கொண்டு, தேநீர் வைக்க உள்ளே சென்றார்.

மாணவ நண்பர்களே! புதிய பொருளுக்குப் பணம் தேடுமுன், கையிலுள்ளதன் அளவை ஒருமுறை சரிபார்த்து விடுங்கள்.